சங்கத்திற்குச் சிறு சரக்கு வண்டி: வாங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

விளைந்த பொருளும் நெய்த துணியும் உரிய காலத்தில் சந்தையைச் சென்றடையாவிடின், உழைப்பின் பயனில் ஒரு பெரும் பகுதி வழியிலேயே வீணாகிவிடும் என்பதை நம் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விடியலில் பறித்த சத்தியமங்கலத்து மல்லிகைக்கு ஒவ்வொரு நாழிகையும் ஒரு விலை. தாளவாடி மலையிலிருந்து இறங்கும் தக்காளி ஒரு பகல் பிந்தினால் தரம் ஒரு படி இறங்கும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் அழுகுவதில்லையாயினும், வழியில் ஒரு மழை நனைத்தால் போதும். சாயம் கலங்கிய கட்டை வாங்குவார் இல்லை. ஆதலின் வாடகை வண்டியை எதிர்நோக்கி நிற்பதைவிடச் சங்கமே ஒரு சிறு சரக்கு வண்டியை வாங்கினால் என்ன என்னும் கேள்வி பல ஊர்ப் பொதுக்குழுக்களில் எழுவது இயல்பே.

2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி வெளிவந்து, மக்கள் வாயில் ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற நாள் முதல், சிறு சரக்கு வண்டி கிராமத் தெருவரை வந்துவிட்டது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. 2016இல் மாருதியின் சூப்பர் கேரி வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்போ மலைப் பகுதிகளிலும் உழவர் இடையிலும் பெரிதும் பழகிய வண்டியாகும். இன்று ஒரே பெயரின் கீழ் பல நீளங்களில், பல எரிபொருள்களில், பல உடற்கூடுகளில் வண்டிகள் விற்கப்படுகின்றன. விற்பனைக் கூடத்தில் போய் நின்றபின் தெரிவு செய்ய முயல்வோர் மயங்குவது உறுதி. என்ன வேண்டும், என்ன வேண்டா என்பதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதிக்கொள்வதற்கு உதவியாகச் சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

முதற் கேள்வி: வாங்கத்தான் வேண்டுமா?

வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதந்தோறும் கொடுத்தே தீர வேண்டிய செலவுகள் சில உண்டு. கடன் தவணை, ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, சாலை வரி, தகுதிச் சான்று ஆகியன அவை. ஓடினால் மட்டும் ஆகும் செலவுகள் எரிபொருள், டயர், எண்ணெய், பழுதுபார்ப்பு என்பன. இவ்விரண்டையும் பிரித்து எழுதினாலன்றி உண்மை விளங்காது.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். எட்டு இலட்சம் ரூபாய் வண்டிக்கு இரண்டு இலட்சம் முன்பணம் கட்டி, எஞ்சிய ஆறு இலட்சத்தை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 12,750 ரூபாய் ஆகும். ஓட்டுநர் சம்பளம் 18,000 ரூபாய் என்றும், காப்பீடு முதலியவற்றின் மாதப் பங்கு 4,000 ரூபாய் என்றும் கொள்க. நிலையான செலவு 34,750 ரூபாய். ஓடும் செலவைக் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் என வைத்தால், நூறு கிலோமீட்டர் நடைக்கு 900 ரூபாய்.

மாதத்தில் 25 நாள் வண்டி ஓடினால், ஒரு நாள் நடைக்கு ஆகும் மொத்தச் செலவு 2,290 ரூபாய். பத்தே நாள் ஓடினால் அது 4,375 ரூபாயாக உயர்ந்துவிடும். அதே நடைக்கு உங்கள் ஊரில் வாடகை 2,800 ரூபாய் எனில், மாதத்தில் 19 நாளேனும் ஓடினால்தான் சொந்த வண்டி இலாபம் தரும். முன்பணத்தின் வட்டியும் வண்டியின் தேய்மானமும் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க. கணக்கின் முறை மாறாது. நாள் குறைவாயின், அண்டைச் சங்கத்தோடு சேர்ந்து வாங்குதல், அல்லது ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை வண்டி அமர்த்துதல் நலம்.

சுமையின் உண்மைக் கணக்கு

விளம்பரத் தாளில் காணும் ‘சுமை 750 கிலோ’ என்னும் எண்ணைக் கண்டு, 750 கிலோ சரக்கு ஏற்றலாம் என்று கருதுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், வெற்று எடை என்றும் சுமையோடு கூடிய மொத்த எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையை எக்காலத்தும் மீறுதல் ஆகாது. ஏறி அமரும் மனிதரின் எடையும், பின்னர் நாம் பொருத்தும் வளைகம்பி, தார்ப்பாய், கயிறு ஆகியவற்றின் எடையும் அம்மொத்தத்தில் அடங்கும்.

ஓட்டுநரும் உதவியாளரும் 130 கிலோ. கம்பிக்கூடும் தார்ப்பாயும் 70 கிலோ என்று கொண்டால், 750 கிலோவில் சரக்குக்கு எஞ்சுவது 550 கிலோவே. தக்காளி 25 கிலோ கொள்ளும் பிளாஸ்டிக் கூடை ஒன்று, தன் எடையோடு சேர்ந்து 27 கிலோ என்றால், இருபது கூடைகளே ஏற்றலாம். நூல் சங்கத்தார்க்கும் இதே கணக்குத்தான். 400 பவுண்டு, அதாவது 181 கிலோ எடையுள்ள நூல் சிப்பம் நான்கினை ஏற்றலாம் என்று விளம்பரம் எண்ண வைக்கும். மூன்றுதான் முறையாக ஏற்றக்கூடியது.

ஆதலின் சங்கத்தின் கடந்த ஓராண்டு ஏற்றுமதிச் சீட்டுகளை எடுத்து, ஒரு நடைக்குச் சராசரியாக எத்தனை கிலோ சென்றது, உச்சப் பருவத்தில் எத்தனை கிலோ சென்றது என்று முதலில் காண்க. சராசரிக்கு ஏற்ற வண்டியை வாங்கி, உச்சப் பருவத்தில் மட்டும் வாடகை வண்டியைத் துணைக்கு அமர்த்துவது சிக்கனம். ஆண்டில் இருபது நாள் வரும் பெருஞ்சுமைக்காகப் பெரிய வண்டியை வாங்கினால், மற்றைய நாளெல்லாம் பாதி வெறுமையாக ஓட்டிச் செலவைச் சுமக்க நேரும்.

தளமும் உடற்கூடும்

நெசவாளர் சரக்கு எடை குறைந்து இடம் மிகுந்தது. உழவர் சரக்கு இடம் குறைந்து எடை மிகுந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்தே தளத்தின் நீளத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். குட்டி யானை வகையின் சரக்குத் தளம் ஏறத்தாழ ஏழடி நீளம். அடுத்த பெரிய வகைகளில் எட்டடி முதல் ஒன்பதடி வரை உண்டு. பாவு சுற்றிய உருளையும் நீண்ட ஜமக்காளச் சுருளும் ஏற்றுவோர், தமது சரக்கில் மிக நீளமானதை அளந்து கொண்டு போதல் வேண்டும். தளத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டு செல்லும் பொருள் பின்வருவோர்க்கு ஆபத்து.

துணிக்கு மூடிய பெட்டிக்கூடு சிறந்தது. மழைக்கும் தூசிக்கும் திருட்டுக்கும் அஞ்ச வேண்டா. ஆயின் காய்கறிக்கு அது பொருந்தாது. பறித்த பின்னும் காயும் பூவும் மூச்சு விடுகின்றன. அதனால் வெப்பம் உண்டாகிறது. காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டியில் அவ்வெப்பம் தேங்கிச் சரக்கு வெந்துவிடும். இரு தரப்பாரும் உள்ள சங்கத்திற்கு உகந்தது, மூன்று பக்கமும் திறக்கும் பலகைகளோடு கூடிய திறந்த தளமே. அதன்மேல் கழற்றக்கூடிய வளைகம்பிகள் வைத்து நல்ல தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். துணி ஏற்றும் நாளில் முற்றும் மூடலாம். காய் ஏற்றும் நாளில் பக்கங்களைச் சுருட்டி விடலாம்.

தளத்தின் உயரத்தையும் பாராமல் விடலாகாது. கூடைகளை ஏற்றி இறக்குவோர் நம் பெண் உறுப்பினர்களே பெரும்பாலும். அரை அடி உயரம் கூடினாலும் நாளொன்றுக்கு நூறு முறை தூக்கும் இடுப்புக்கு அது பெருஞ்சுமை. வண்டியைப் பார்க்கச் செல்லும் குழுவில் ஏற்றுவோர் ஒருவரையும் அழைத்துச் செல்லுதல் நன்று.

எரிபொருள்

டீசல், பெட்ரோல், சி.என்.ஜி. எனப்படும் அழுத்த இயற்கை எரிவாயு, மின்சாரம் என நால்வகை இன்று கிடைக்கின்றன. எது சிறந்தது என்பதற்கு விடை வண்டியில் இல்லை. உங்கள் பாதையில் இருக்கிறது.

டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே மிக்க இழுவிசை தருவது. நிறைசுமையோடு மேடு ஏறுவதற்கும் நாள்தோறும் நெடுந்தூரம் செல்வதற்கும் அது தக்கது. ஆயினும் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை ஆறு என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசல் வண்டியைப் பேணும் முறை மாறிவிட்டது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ள வண்டியில், அத்துகள்கள் அவ்வப்போது உயர் வெப்பத்தில் எரிந்து நீங்க வேண்டும். அதற்கு வண்டி சிறிது நேரம் தொடர்ந்து ஓடுதல் தேவை. தெருவுக்குத் தெரு நின்று நின்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதனைப் பொருட்படுத்தாவிடின் செலவு பெரிதாகும்.

சில டீசல் வண்டிகளுக்குத் தனித் தொட்டியில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். இங்கு உழவர் பெருமக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்கரைசல் தூய நீரில் 32.5 விழுக்காடு தூய யூரியா கலந்து செய்யப்படுவது. வயலுக்கு இடும் யூரியாவோ வேப்பெண்ணெய் பூசப்பட்டது. மூட்டையிலிருந்து எடுத்துக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் குழாய்களும் புகை சுத்திகரிப்புக் கருவியும் பழுதாகும். நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடும். கடையில் முத்திரையிட்டு விற்கும் கரைசலையே வாங்குக.

பெட்ரோல் வண்டி விலை குறைந்தது, பராமரிப்பு எளிது, சிறு சுமைக்கும் குறுந்தூரத்திற்கும் ஏற்றது. எரிபொருள் செலவு மட்டும் கூடுதல். சி.என்.ஜி. வண்டியின் ஓட்டச் செலவு குறைவு. ஆயின் உருளையின் எடை சரக்கின் எடையிலிருந்து கழியும். மேட்டில் இழுவை சற்றுத் தளரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உருளையைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். நாள்தோறும் செல்லும் பாதையில் நிரப்பும் நிலையம் இல்லாத ஊரார் இதனை எண்ணவே வேண்டா.

மின் வண்டிகளும் இவ்வகையில் வந்துவிட்டன. டாடா ஏஸ் வண்டியின் மின் வடிவம் 2022இல் அறிமுகமாயிற்று. நாள்தோறும் ஒரே பாதையில் அறுபது எழுபது கிலோமீட்டர் சென்று, இரவில் சங்கக் கட்டடத்திலேயே நிற்கும் வண்டிக்கு இது மிகவும் சிக்கனமானது. தறிக்கூடங்களுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கி வரும் சுற்று இத்தகையதே. விளம்பரத்தில் கூறும் தூரம் சோதனைச் சாலைத் தூரம் என்பதை அறிக. நிறைசுமையும் ஏற்றமும் அதனைக் குறைக்கும். மின்கலத்திற்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதையும், மாற்ற நேரின் விலை என்ன என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

வில்லும் பிரேக்கும்

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில் காய்கறி ஏற்றி இறங்கும் வண்டிக்கு எஞ்சினைக் காட்டிலும் பிரேக்கே முக்கியம். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கி, எஞ்சினின் தடையைப் பயன்படுத்த வேண்டும் என்பது பழைய விதி. அது இன்றும் மாறவில்லை.

பல சிறு சரக்கு வண்டிகளில், பின்பாரத்திற்கு ஏற்பப் பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. பின்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. இதனை அறியாமல், கூடுதல் சுமை ஏற்றும் பொருட்டு ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்க்கும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பகுதி தாழாது. பாரம் இல்லையென்று வால்வு கருதிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். சுமை மிகுந்து பிரேக்குக் குறைந்த வண்டி இறக்கத்தில் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டை சேர்ப்பதால் சட்டப்படி ஏற்றக்கூடிய எடையும் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. இருக்கும் சுமைக்கு அடுத்த பெரிய வகையை வாங்குவதே நேரிய வழி.

சக்கரத்தின் அளவையும் பார்க்க. வரப்போரம் வண்டித் தடத்தில் சென்று தோட்டத்திலேயே ஏற்றுவோர்க்குச் சிறு சக்கர வண்டி அடிதட்டும். பெரிய சக்கரமும் தரையிலிருந்து நல்ல உயரமும் தேவை. நாற்சக்கர இழுவை உடைய பிக்கப்புகளும் உண்டு. சேறும் செங்குத்தும் அன்றாடமாயிருப்பவர்க்கன்றி மற்றவர்க்கு அது வீண் செலவு.

ஓட்டுநர் அறை

இரண்டு பேர் அமரும் ஒற்றை அறை, பின்னிருக்கையோடு கூடிய இரட்டை அறை என இருவகை உண்டு. இரட்டை அறை வாங்கினால் தளம் குறுகும், விலை கூடும். எனினும் அறுவடைக்கோ ஏற்றவோ ஆட்களை அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டிய சங்கம் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

காரணம் இது. சரக்குத் தளத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டத்திற்குப் புறம்பு. விபத்து நேரின், தளத்தில் சும்மா ஏற்றி வரப்பட்டவர்க்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ சரக்கோடு செல்லுவதற்கு 1994ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பு அளிக்கிறது. கூலிக்குச் செல்லும் இருபது பேருக்கு அளிப்பதில்லை. அந்நிலையில் இழப்பீட்டுச் சுமை வண்டியின் உரிமையாளராகிய சங்கத்தின் மேல் விழும். பல்லாண்டு சேர்த்த பங்குத்தொகை ஒரே நாளில் கரைந்து போகும். உயிரிழப்போ எத்தொகையாலும் ஈடு செய்யப்படாதது. ஆட்களுக்குப் பேருந்தையோ வேனையோ அமர்த்துக. ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்பதற்கு எவரும் இசைதல் கூடாது.

பவர் ஸ்டியரிங் இன்று ஆடம்பரமன்று. நாளெல்லாம் வளைவுகளில் திருப்பும் ஓட்டுநரின் களைப்பைக் குறைத்து விபத்தைத் தவிர்ப்பது. குளிர்சாதனம், 2025 அக்டோபர் முதல் செய்யப்படும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் அறைக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குட்பட்ட சிறு வண்டிக்குக் கட்டாயமில்லை. நெடுந்தூரம் பகல்வெயிலில் ஓடும் வண்டிக்கு அதனைத் தெரிந்தெடுப்பது தவறாகாது.

சட்டத்தின் எல்லைகள்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெர்மிட் தேவையில்லை. சுமை 1,700 கிலோ எனப்படும் வகைகள் தம் சொந்த எடையோடு சேர்ந்து இவ்வெல்லையைக் கடப்பன. அவற்றுக்குப் பெர்மிட் வேண்டும். இரு வகைக்கும் இடையே ஐயுறுவோர் இதனையும் எடைபோடுக.

இலகு ரக வாகன உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. தகுதிச் சான்று எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பெறற்பாலது. மிகைச் சுமைக்குத் தண்டம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகையை இறக்கும் செலவும் நம்முடையதே. ஒரு நடையில் கூடுதலாக ஏற்றிப் பெறும் சில நூறு ரூபாயோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

விலையும் மிகைப் பொருள்களும்

சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. பதிவு பெற்ற சங்கம், வரிக்குட்பட்ட பொருளை விற்கும் அளவிற்கு, வண்டிக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகப் பெறவும் வழியுண்டு. வரிவிலக்குள்ள பசுங்காய்கறிக்கு உரிய பங்கிற்கு அது கிட்டாது. கணக்காயரைக் கலந்து, சங்கத்தின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பட்டியல் பெறுக.

கம்பெனி விலை, வரி, பதிவு, காப்பீடு, கூடு கட்டும் செலவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லி, இரண்டு மூன்று விற்பனையாளரிடம் பெற்று ஒப்பிடுக. காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கூடுதல் பொருள்களைச் சொல்லும்போது, ‘இது உயிரைக் காக்குமா? சரக்கைக் காக்குமா? செலவைக் குறைக்குமா?’ என்று மூன்று கேள்வி கேட்க. பின்புறம் காட்டும் காமிரா, பனிவிளக்கு, நல்ல தார்ப்பாய், டீசல் தொட்டிக்குப் பூட்டு ஆகியன தேறும். பளபளக்கும் பட்டையும் பாட்டுப் பெட்டியும் வண்ண விளக்கும் தேறா.

வெற்று வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. சங்கத்தின் சரக்கையே அளவோடு ஏற்றி, வழக்கமான பாதையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். பழுதுபார்க்கும் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதையும் விசாரிக்க. அறுவடை நாளில் ஒரு வாரம் பட்டறையில் நிற்கும் வண்டி இருந்தும் இல்லாததே.

இறுதியாக, வண்டி சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். கடன் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகச் செயலாளர் பெயரிலோ தலைவர் பெயரிலோ வாங்கினால், காப்பீடும் உரிமையும் அவருடையனவாகி, பின்னாளில் வழக்குக்கு இடமாகும். கடன் தீர்ந்தவுடன் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடைமானக் குறிப்பை நீக்கிக்கொள்க. ஒவ்வொரு நடைக்கும் தூரம், எடை, எரிபொருள், கிடைத்த வாடகை ஆகியவற்றை நடைப்புத்தகத்தில் எழுதி, மாதந்தோறும் நிருவாகக் குழுவின் முன் வைத்தல் வேண்டும். முதலாண்டு முடிவில் அப்புத்தகத்தைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டினால், வண்டி சங்கத்தைச் சுமக்கிறதா, சங்கம் வண்டியைச் சுமக்கிறதா என்பது உறுப்பினர் அனைவருக்கும் தெளிவாகும்.